ஆயக்கட்டு இல்லாத ஏரி

அயனம்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீரோவில் பூட்டி வைத்திருக்கும் கிரையப் பத்திரத்தை ஒருமுறை வெளியே எடுங்கள். ‘யூடிஎஸ்’ எனும் பிரிபடாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்று பார்த்ததோடு பெரும்பாலும் அதை மூடி வைத்திருப்பீர்கள். பின்பக்கங்களில் ‘சொத்து விவரம்’ என்று ஒரு பத்தி இருக்கும். சர்வே எண்ணை அடுத்து ‘நஞ்சை’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் கீழே செக்குபந்தி வரும்: இன்னாருடைய நிலத்துக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு வடக்கு. வண்டிப்பாதை எதுவென்று ஒருவாறு ஊகித்துவிடலாம், இன்று அதில் ஷேர் ஆட்டோ ஓடும். வாய்க்கால் எங்கே போயிற்று என்று கேட்டால் வாட்ச்மேனுக்குத் தெரியாது. விற்ற புரோக்கருக்குத் தெரியும், சொல்ல மாட்டார்.

சென்னையின் மேற்கு ஓரத்தில் இப்படிக் காகிதத்தில் மட்டும் மிஞ்சியிருக்கும் கிராமங்கள் பல. அயனம்பாக்கத்துக்கு வடகிழக்கே அத்திப்பட்டும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும், மேற்கே திருவேற்காடு, கிழக்கே நொளம்பூரும் முகப்பேரும், தெற்கே கூவம் ஆறு, ஆற்றைத் தாண்டினால் வானகரம். நடுவில் ஏரி. நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த வரிசையில் முதலில் சொல்ல வேண்டியது ஏரியாகத்தான் இருந்தது. ஊர் இருந்ததே அதனால்தான்.

பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு ‘ஏரி மாவட்டம்’ என்று பெயர். தொண்டை மண்டலத்தில் காவிரி மாதிரி ஓடும் ஆறு கிடையாது. பாலாறும் கொசஸ்தலையும் கூவமும் ஆண்டில் சில வாரம் பெருகும், மற்ற நாளெல்லாம் மணல். சென்னைப் பக்கம் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்வது 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் அறுபது சதவீதத்துக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளாவிட்டால் தை மாதத்துக்குப் பிறகு ஊரில் ஆள் இருக்க முடியாது. ஆகவே சரிவு தென்பட்ட இடமெல்லாம் குறுக்கே கரை போட்டார்கள். மேல் ஏரி நிரம்பி வழிந்தால் கீழ் ஏரிக்கு. அது நிரம்பினால் அடுத்ததற்கு. கடைசி உபரி ஆற்றுக்கு.

ஏரியின் உறுப்புகள் எளிமையானவை. தண்ணீரைக் கொண்டுவரும் வரவுக்கால், தேக்கும் கரை, வயலுக்குவிடும் மதகு, நிறைந்தபின் வழியவிடும் கலங்கல், வழிந்ததைக் கொண்டுபோகும் போக்குக்கால். பழைய மதகைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கரையை ஒட்டி, தண்ணீருக்குள் இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கும். நடுவே குறுக்குக் கற்கள், அவற்றில் துளை. அந்தத் துளை வழியே ஒரு நீளமான கழி இறங்கும். கழியின் அடியில் இருக்கும் கட்டை, கீழே தூம்பின் வாயை அடைத்திருக்கும். கழியைச் சாண் அளவு தூக்கினால் அதற்கேற்ற தண்ணீர், முழம் தூக்கினால் அதற்கேற்ற தண்ணீர். மின்சாரம் வேண்டாம், கிரீஸ் வேண்டாம். எப்போது தூக்குவது, எவ்வளவு தூக்குவது, யார் வயலுக்கு முதலில் என்று முடிவுசெய்ய ஒரு ஆள் வேண்டும், அவ்வளவே. அவருக்கு நீர்க்கட்டி என்று பெயர்.

நீர்க்கட்டிக்குச் சம்பளம் நெல். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனிப் பொறியாளர், ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்திருந்த செங்கல்பட்டு ஜாகிரில் சுமார் 2,000 ஊர்களுக்குக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதிய விவரங்கள் அதற்கு அடிப்படை. எத்தனை வீடு, எத்தனை ஏரி, எவ்வளவு விளைச்சல், களத்தில் அளக்கும் நெல்லில் யார் யாருக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று அவை விரிவாகச் சொல்கின்றன. கோயிலுக்கு, கணக்குப்பிள்ளைக்கு, தச்சருக்கு, கருமாருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, நீர்க்கட்டிக்கு, ஏரிக்கு. ஆம், ஏரியும் ஒரு பங்குதாரர். ஆண்டுதோறும் தனக்கான நெல்லை வாங்கி, தன் கரையைத் தானே சரிசெய்துகொண்டது என்றே சொல்லலாம். 1960களில் சென்னை ஆவணக் காப்பகத்தில் வரலாற்றாய்வாளர் தரம்பால் இந்தக் கணக்குகளைத் தோண்டியெடுத்த பிறகுதான், வெள்ளைக்காரனுக்கு முந்தைய கிராமம் எப்படி நடந்தது என்பது பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச முடிந்தது.

ஆனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ‘ஆகா, என்ன அருமையான சமூகம்’ என்று உருகுகிறவர்களுக்கு நான் துணைபோக மாட்டேன். நீர்க்கட்டி வேலையைச் செங்கல்பட்டுச் சீமையில் பெரும்பாலும் பார்த்தவர்கள் ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டிருந்தவர்கள். எந்த மடையில் எவ்வளவு ஓடும், எந்தக் கழனி மேடு, எந்தக் கரையில் நண்டு வளை போட்டிருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். அவர்கள் பங்கீடு செய்த தண்ணீர் பாய்ந்த நிலத்தில் அவர்களுக்கு ஒரு காணி கிடையாது. மிராசு என்ற பரம்பரை நில உரிமை வேறு கைகளில். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர், ஜில்லாவின் பறையர்கள் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டே துரத்தப்படும் நிலையில் அவர்கள் இருப்பதை அது எடுத்துச் சொன்னது. அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணையின் வழியே வந்ததுதான் நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. ஒதுக்கிய நிலங்களும் பிறகு கைமாறிப் போயின. அவற்றை மீட்கக் கேட்ட காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அதுவும் இதே செங்கல்பட்டுச் சீமைதான்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பிற்பாடு கழனிகள் மனையாகி லட்சங்களிலும் கோடிகளிலும் விலைபோனபோது, பணம் பட்டாதாரர்களுக்குப் போயிற்று. உழுதவர்களுக்கும் தண்ணீர் கட்டியவர்களுக்கும் அதில் எழுதிவைத்த பங்கு எதுவும் இல்லை. ஏரியை அறிந்தவர்கள்தான் முதலில் ஏரியைவிட்டு விலக்கப்பட்டார்கள்.

கம்பெனியின் ஆட்சியில் ஏரிக்கான பங்கு மெல்ல வரியோடு கலந்து சர்க்காருக்குப் போய்விட்டது. சர்க்கார் அதில் எவ்வளவைத் திருப்பி ஏரிக்குச் செலவழித்தது என்பது தனிக் கதை. 1794இலிருந்து 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஒரு விதிவிலக்கு, ஏரிகளைப் பழுதுபார்க்க மெனக்கெட்டவர். மதுராந்தகம் ஏரி உடையப்போன இரவில் ராமனும் லட்சுமணனும் வில்லோடு கரையில் நின்றதை அவர் பார்த்தார் என்ற கதையை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. கோயிலுக்கே ‘ஏரி காத்த ராமர்’ என்றுதான் பெயர். 1858இல், ஊரார் வழக்கமாகக் கூடிச் செய்துவந்த ஏரிப் பராமரிப்பான குடிமராமத்தைச் செய்யச்சொல்லிச் சட்டம் போட வேண்டியதாயிற்று. தானாக நடந்துகொண்டிருந்தால் அதற்குச் சட்டம் எதற்கு?

இருந்தாலும் வயல் இருந்தவரை ஏரி பிழைத்தது. அயனம்பாக்கம் மாதிரி ஊர்களில் வருஷத்தையே ஏரிதான் பகுத்துக் கொடுத்தது. ஏரி நிறைந்தால் சம்பா. அறுவடைக்குப் பின்னும் தண்ணீர் மீதமிருந்தால் நவரை. கிணறு கைகொடுத்தால் சித்திரையில் சொர்ணவாரி. கோடையில் ஏரி வற்றினால், கரைக்கு உட்புறம் தண்ணீர் நிற்கும் உள்வாயில் மீன்பிடி, பிறகு வண்டி வண்டியாக வண்டல் எடுத்துக் கழனிக்கு அடிப்பது. உள்வாய் அதனாலேயே ஆழமாகும், வயலும் செழிக்கும். ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்ப்பது, அதற்குக் கேழ்வரகு வீட்டுக்கு வீடு வசூலிப்பது, ராத்திரி விடியவிடியக் கூத்துக் கட்டுவது, தையில் மாட்டை ஏரியில் குளிப்பாட்டுவது எல்லாம் இந்தச் சுற்றுக்குள் அடங்கியிருந்தன. கூழ் ஊற்றுவது ஆடியில் என்பதற்குக்கூட ஒரு கணக்கு சொல்வார்கள். முந்தைய விளைச்சல் தீர்ந்து, அடுத்த மழை வராத பஞ்ச மாதம் அது. பானையில் இருப்பதைப் பொதுவில் கொட்டிச் சேர்ந்து குடித்தார்கள்.

பக்கத்துத் திருவேற்காட்டில் இரண்டு பெரிய கோயில்கள். வேதபுரீசுவரர் கோயில் சம்பந்தர் பாடியது. கருமாரியம்மன் கோயிலுக்கு ஆடி ஞாயிறுகளில் நகரத்திலிருந்து மஞ்சள் புடவைக் கூட்டம் நடந்தே வரும். அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனார் இந்த ஊர்க்காரர்தான். நிலபுலன்களை விற்று அடியார்களுக்குச் சோறு போட்டு, விற்க ஒன்றுமில்லாமல் போனதும் சூதாடி, ஜெயித்த பணத்தில் அன்னதானத்தைத் தொடர்ந்தவர். தோற்றவன் பணம் தர மறுத்தால் கத்தியை உருவிவிடுவார், அதனால்தான் அந்தப் பெயர். நிலம் விற்ற பணம் சூதாட்டத்தில் புழங்கிய கதை பக்கத்து ஊருக்குப் புதிதல்ல என்று ரியல் எஸ்டேட் காலத்தில் சிலர் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

மாற்றம் வடக்கிலிருந்து, அம்பத்தூர் பக்கமிருந்து வந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியபோதே அம்பத்தூரும் ஆவடியும் அந்தத் தடத்தில் விழுந்துவிட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு ரயில் போன பக்கமே தொழிற்சாலைகளும் போயின. அம்பத்தூரில் டிஐ சைக்கிள், பிறகு டன்லப். பாடியில் டிவிஎஸ் குழும ஆலைகள். 1955இல் சோஷலிச பாணிச் சமுதாயம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்ட ஆவடியில் 1960களில் டாங்கித் தொழிற்சாலை வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அப்பன் கழனிக்குப் போன வீடுகளில் மகன் கார்டு பஞ்ச் பண்ணப் போனான். காலை ஷிப்டுக்கு ஏரிக்கரை வழியாகவே சைக்கிள் மிதித்துப் போகலாம். மாதம் பிறந்தால் சம்பளம் என்பது மழையை நம்பாத வருமானம். அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஜாதி கேட்காமல் கிடைத்த முதல் கூலி பல பேருக்கு எஸ்டேட் கூலிதான்.

1980களில் உலக வங்கிக் கடனோடு முகப்பேரில் மனைகள் போடப்பட்டன. வீட்டுவசதி வாரியத்தின் ஜே.ஜே. நகர் வளர்ந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒரே அவசரச் சட்டத்தில் ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர்களைக் கொண்டுவந்தது. பழைய ஆதிக்கம் போனது நல்லதே. கூடவே எந்த வாய்க்கால் எங்கே திரும்புகிறது என்று படம் பார்க்காமலே சொல்லத் தெரிந்தவர்களும் போனார்கள். 2000க்குப் பிறகு மதுரவாயலிலிருந்து புழலுக்குப் பைபாஸ், தொழிற்பேட்டையில் ஐடி பூங்காக்கள், பெரிய பள்ளிகள். ‘அண்ணா நகர் வெஸ்ட் எக்ஸ்டென்ஷனுக்கு மிக அருகில்’ என்று மஞ்சள் கொடி கட்டிய மனைப்பிரிவுகள். 2011இல் அம்பத்தூர், மதுரவாயல் நகராட்சிகள், நொளம்பூர் ஊராட்சி எல்லாம் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. திருவேற்காடு தனி நகராட்சியாகவே நின்றது. ஒரே ஏரிப் படுகையைச் சுற்றிப் பல அலுவலகங்கள். குப்பை ஒருவரிடம், சாக்கடை ஒருவரிடம், கரை ஒருவரிடம்.

இப்போது இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். ஏரி என்றாலே நாம் ஆக்கிரமிப்பு பற்றித்தான் பேசுகிறோம். உள்வாயில் குடிசை போட்டவன், கரையில் கடை வைத்தவன் கண்ணில் படுகிறான். 2007இல் இதற்கென்றே ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. 2024இல் திருவேற்காடு கோலடி ஏரிப் பக்கம் பல ஆண்டாகக் குடியிருந்தவர்கள் வீடுகளில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வரி கட்டியிருக்கிறோம், கரண்ட் கொடுத்தீர்கள், இப்போது காலி செய் என்றால் எங்கே போவது என்று ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நீர்நிலையைக் காக்க வேண்டும் என்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஏரியைச் செயலிழக்கச் செய்ததில் பெரும்பங்கு சட்டப்படி நடந்த காரியத்துக்கு உண்டு. கரைக்கு இந்தப் பக்கம் இருந்த ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்பரப்பு, முழுக்கப் பட்டா நிலம். விற்றது சட்டப்படி, வாங்கியது சட்டப்படி, அப்ரூவல் சட்டப்படி, பேங்க் லோன் சட்டப்படி. மதகுக்குக் கீழே இருந்த நஞ்சை ஒவ்வொரு சர்வே எண்ணாக மனையானது. வயல் போனதும் மதகு தேவையில்லை. மதகு தேவையில்லை என்றால் வாய்க்கால் தேவையில்லை. வாய்க்கால் தூர்ந்து, தெருவாகி, சில இடத்தில் சாக்கடையாகிப் போனது. தண்ணீர் கேட்டுச் சண்டை போட ஒருவரும் இல்லாத ஏரியை யார் தூர்வாருவார்கள்? வயலுக்கு வண்டல் அடிப்பது நின்றபோதே உள்வாய் மேடாகத் தொடங்கிவிட்டது.

அரசுக் கணக்கில் இந்த மாற்றம் நெடுநாள் ஏறவே இல்லை. தமிழ்நாட்டில் ஏரிகளைப் பிரிப்பதே ஆயக்கட்டை வைத்துத்தான்: 100 ஏக்கருக்கு மேல் பாசனம் என்றால் பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். சுற்றி ஒரு நாற்றுகூட நடாத இடத்திலும் ஏரி பாசன ஏரிதான். நோயாளியே இல்லாத வார்டுக்கு டாக்டரை நியமித்த மாதிரி. 2017இல் குடிமராமத்தை அரசு 100 கோடி ரூபாயோடு புதுப்பித்தபோது, பாசன விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றது. டெல்டாவிலும் பாலாற்றுப் பக்கமும் அதற்குப் பொருள் இருந்தது. இங்கே எந்த விவசாயியைத் தேடுவது?

ஏரியை இப்படிக் கைவிட்டதன் விலை 2015 டிசம்பர் வெள்ளத்தில் தெரிந்தது. அடையாறு போட்ட ஆட்டத்தைத்தான் தொலைக்காட்சிகள் அதிகம் காட்டின. கூவமும் சும்மா இருக்கவில்லை. நொளம்பூர்த் தரைப்பாலங்கள் முங்கின, ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்தது. ஏரி நிறைந்தால் உபரிக்குப் பாதை வேண்டும். போக்குக்கால் குறுகியதோ அடைபட்டதோ என்றால் தண்ணீர் தன் பழைய சரிவைத் தேடிக்கொண்டு போகும். அதற்குப் பத்திரம் படிக்கத் தெரியாது. நஞ்சையாக இருந்த நிலம் இயல்பிலேயே தாழ்வு. தாழ்வாக இருந்ததால்தான் அது நஞ்சை.

நாலே ஆண்டில் எதிர்ப்பக்கம். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, உலகப் பத்திரிகைகளெல்லாம் காலிக் குடங்களைப் படம் பிடித்தன. மேற்குப் புறநகரில் தனியார் லாரிக்கு முன்பதிவு செய்து நாட்கணக்கில் காத்திருந்தார்கள். அந்த ஆண்டுதான் பல குடியிருப்போர் சங்கங்களுக்கு ஓர் உண்மை உறைத்தது: ஏரியில் தண்ணீர் நிற்கிற வருஷம் போர்வெல் பேசும், நிற்காத வருஷம் பேசாது. முன்பு மதகு வழியாக மேலே ஓடிய தண்ணீர் இப்போது கரைக்கு அடியில் ஊறி, அதே பழைய ஆயக்கட்டு நிலத்தின் போர்வெல்லுக்கு வருகிறது. சம்பாவுக்குப் பதில் ஷவர், வாஷிங் மெஷின். அடுக்குமாடிக்காரர்கள் தெரியாமலே ஆயக்கட்டுதாரர்களாகிவிட்டார்கள்.

குடிநீர் வாரியத்துக்கும் அப்போது இந்த ஏரிகள் கண்ணில் பட்டன. ரெட்டேரி, அயனம்பாக்கம், பெரும்பாக்கம் ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் திட்டம் பேசப்பட்டது. கொள்கையளவில் நல்ல செய்தி. பாசன ஏரி என்ற பொய்யான பதவியிலிருந்து ஏரிக்கு விடுதலை. ஆனால் குடிநீர் ஏரி என்றால் முதல் நிபந்தனை, கழிவுநீர் கலக்கக் கூடாது. பக்கத்தில் கொரட்டூர் ஏரி இதில் பட்ட பாடு ஊரறிந்தது. அம்பத்தூர்ப் பக்கத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் அதில் இறங்குவதை எதிர்த்து அங்குள்ள மக்கள் ஆண்டுக்கணக்கில் பசுமைத் தீர்ப்பாயம்வரை போய் அலைந்தார்கள். பாதாளச் சாக்கடை எல்லா வீட்டையும் எட்டாதவரை, மழைநீர் வடிகாலில் இரவோடு இரவாகக் கழிவைத் திறந்துவிடுகிறவர்கள் இருக்கும்வரை, ஏரிக்குப் பதவி உயர்வு கொடுப்பதில் பயனில்லை. கரையில் நடைபாதை, அலங்கார விளக்கு, செல்ஃபி மேடை போடுவது எளிது. வரவுக்காலில் எந்தக் குழாய் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று தேடிப் போவது கஷ்டம். ஆனால் தண்ணீர் வந்து சேர்வது வரவுக்கால் வழியேதான்.

இன்று அயனம்பாக்கத்தில் இரண்டு ஊர்கள் அடுத்தடுத்து வாழ்கின்றன. ஒன்று, பழைய ஊர்த்தெருவும் காலனியும். அங்கே ஆடியில் இன்னும் கூழ் வார்க்கிறார்கள், மைக்செட் கட்டுகிறார்கள், கேழ்வரகை மட்டும் மளிகைக் கடையில் வாங்குகிறார்கள். இன்னொன்று கேட்டுக்குள் இருக்கும் ஊர். அங்கே நவராத்திரி கொலு, ஓணம், பிள்ளையார் சதுர்த்தி, வாட்ஸ்அப் குழு, மெயின்டனன்ஸ் சண்டை. இரண்டும் சந்திக்கும் இடங்கள் குறைவு. வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பள்ளி வாசல், கறிக்கடை, அப்புறம் காலை ஐந்தரை மணி ஏரிக்கரை. கரையில் நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கும், உள்வாயில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் இளைஞனுக்கும் ஒருவரையொருவர் முகம் தெரியும். பேச்சு இன்னும் வரவில்லை.

பேசினால் இருவருக்கும் லாபம். கேட்டுக்குள் இருப்பவரிடம் படிப்பும் நேரமும் இருக்கிறது. தகவல் உரிமை மனு எழுதத் தெரியும், தீர்ப்பாயத்தில் வழக்குப் போடத் தெரியும், சர்வே எண்ணுக்கான புலப்படத்தைப் பதிவிறக்கத் தெரியும். ஊர்த்தெருவிலும் காலனியிலும் இருக்கும் எழுபது வயதுக்காரரிடம் அந்தப் புலப்படத்தில் இல்லாதது இருக்கிறது: கலங்கல் வழிந்தால் தண்ணீர் எந்தத் தெருவழியே இறங்கும், எந்த இடத்தில் மடை இருந்தது, எந்தக் கல்வெர்ட்டுக்கு அடியில் இப்போது வழியே இல்லை. அவர்களில் நீர்க்கட்டிக் குடும்பத்தார் யாராவது மிஞ்சியிருந்தால், சங்கக் கூட்டத்தில் முதல் நாற்காலி அவருக்கு. இந்தத் தடவை பங்கையும் எழுதிவைத்துவிடுவது நல்லது, ஏரிப் பராமரிப்பு வேலையில் அந்தத் தெருக்களுக்கு முன்னுரிமை என்று.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் பாதிக்கு மேல் பிடிக்கும். அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கலங்கலில் தொடங்கி, போக்குக்கால் கூவத்தில் சேரும் இடம்வரை நடந்துபோய், எங்கெங்கே அடைத்திருக்கிறதோ அங்கெல்லாம் படம் எடுத்து நீர்வளத் துறைக்கும் மாநகராட்சிக்கும் திருவேற்காடு நகராட்சிக்கும் ஒரே மனுவை அனுப்பலாம். மூன்று அலுவலகமும் ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று எழுத்தில் கொடுத்தால் அந்த மூன்று கடிதத்தையும் சேர்த்தே பசுமைத் தீர்ப்பாயத்தில் வைக்கலாம்.